மூச்சு விடுத ஆளு

ரயில்வே கேட் விழுந்ததும் எங்கள் பக்கத்தில் முதலில் திறக்கிற கதவு அந்த அக்காவுடையதாகத்தான் இருக்கும். கேட்கீப்பர் சக்கரத்தைச் சுற்றி முடிப்பதற்குள் அவள் வாசற்படி இறங்கியிருப்பாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியிருப்பாள். குசினியில் பாதியில் விட்டுவந்த வேலையின் ஈரம் கையில் இருக்கும். அதைச் சேலையில் துடைத்துக்கொண்டே வண்டிகளுக்கு நடுவில் நுழைவாள்.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற சாலையைத் தண்டவாளம் குறுக்கே வெட்டுகிற இடம் அது. கேட்டுக்கு இந்தப் பக்கம் என் மருந்துக் கடை. கடைக்கு நேர் எதிரே அவள் வீடு. வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு சாக்கடையும் அதன்மேல் போட்ட கல்லும்தான். கேட் அடைத்தால் பஸ், லாரி, லோடு ஆட்டோ, கார், பைக் எல்லாம் ஒன்றன் பின்னால் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். யாரும் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். ரயில் இதோ வந்துவிடும், கேட் இதோ திறந்துவிடும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. ரயிலோ சாவகாசமாக வரும். அதுவரைக்கும் வண்டிகள் உறுமிக்கொண்டே நிற்கும். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து சாரல் காற்று வீசும்போது பரவாயில்லை, புகையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மார்கழி தையில் அது எங்கேயும் போகாது. தரையோடு படிந்து கடைக்குள் வந்து, மாத்திரை அட்டைகளின் மேல் கறுப்பாக உட்காரும்.

அக்கா முதலில் டீசல் வண்டிகளிடம்தான் போவாள். பஸ் டிரைவர் என்றால் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள்.

“கேட் தொறக்க நேரமாவும் அண்ணாச்சி. அணைச்சிருங்க.”

பேச்சு அவ்வளவுதான். அணைத்தால் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போவாள். நன்றி சொல்ல மாட்டாள். அணைக்காவிட்டால் கொஞ்சம் நின்று மறுபடியும் அதையே சொல்வாள். குரல் உயராது, கெஞ்சவும் செய்யாது. மூன்றாவது தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். பைக்கில் வருகிற பையன்களிடம் “தம்பி, அணைச்சிருங்க” என்று சொல்லி வண்டியின் கைப்பிடியை லேசாகத் தொடுவாள், ஏதோ வீட்டுப் பசுவைத் தொடுகிற மாதிரி. அப்படித் தொட்டால் நிறையப் பேர் அணைத்துவிடுவார்கள். ஏன் அணைத்தோம் என்று அவர்களுக்கே தெரியாது.

தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள் அவளுக்குக் கேட்டக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளைத் தூரத்தில் பார்த்ததுமே சாவியைத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. “கேட்டக்கா வந்துட்டா, இனி ஒரே பிரசங்கம்தான்” என்று சிரிக்கிறவர்களும் உண்டு. பிரசங்கம் என்று அவள் ஒருநாளும் செய்ததில்லை. அவளுடைய சொந்தப் பெயரை ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்காது.

ஒருநாள் ஒரு லாரி டிரைவர் அவளிடம் எரிந்து விழுந்தார். வெளியூர் லாரியில்லை, நம்மூர்க்காரர்தான்.

“ஏம்மா, நீ என்ன ரயில்வே ஆளா?”

“இல்ல அண்ணாச்சி.”

“போலீசா?”

“இல்ல.”

“பொறவு நீ யாரு, வண்டிய அணை வண்டிய அணைன்னு?”

“மூச்சு விடுத ஆளு அண்ணாச்சி” என்றாள் அக்கா.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அணைத்துவிட்டார்.

எல்லாரும் அப்படியில்லை. வாழைத்தார் ஏற்றுகிற லோடு ஆட்டோக்காரன் ஒருவன் இருந்தான். சின்ன வயசு. அவள் பக்கத்தில் வருகிறவரை காத்திருந்து, வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை ஓங்கி முறுக்கினான். கரும்புகை குபீரென்று அவள் சேலையில் அடித்தது. சுற்றியிருந்த பையன்கள் ஓவென்று கத்தினார்கள். அவள் விலகவில்லை. புகைக்குள்ளேயே நின்று இருமினாள். இருமல் நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கேட் தொறக்க நேரமாவும் தம்பி” என்றாள்.

அவன் இன்னும் ஒருதடவை முறுக்கினான். கேட் திறந்தது. போய்விட்டான்.

கடைக்குக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

“நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா அவன?”

“என்னத்தக் கேக்க. அந்தப் பொகை மொதல்ல அவன் நெஞ்சுக்குள்ளதான போவுது. வாழைத்தார் தூக்குத பய. நல்ல நெஞ்சு” என்றாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, எனக்கு எதிரே இருந்த கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, மூக்கோரத்துக் கரியை விரலால் துடைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் எதற்காக என்று கேட்டில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்கு மருந்து கொடுத்தவன் நான்.

சாலையைப் பார்த்த அந்த முன்னறையில் அவள் கணவர் இருந்தார். லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் பாதி ஆயுசை விட்டவர். ஸ்பிரே அடிக்கும்போது வாயில் ஒரு கைக்குட்டை கட்டுவார்களாம். அதுவும் வேர்த்தால் அவிழ்த்துவிடுவார்களாம். நுரையீரல் இரண்டும் கெட்டுப்போய், நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிற நிலைமைக்கு வந்திருந்தார். அவரால் படுக்க முடியாது. கட்டிலில் உட்கார்ந்து, மடியில் இரண்டு தலையணையைப் போட்டு, அதன்மேல் கையை ஊன்றிக் குனிந்திருப்பார். மூக்கில் குழாய். கட்டிலுக்குக் கீழே ஆக்சிஜன் மெஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு அக்கா பழைய வேட்டியை நனைத்துக் கட்டியிருப்பாள். சாயங்காலம் அதை அவிழ்த்து அலசினால் வாளித் தண்ணீர் கரைத்துவைத்த கரி மாதிரி இருக்கும். மறுநாள் மறுபடியும் நனைத்துக் கட்டுவாள்.

அவர்கள் இரண்டு பேரும் உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். பிள்ளைகள் இல்லை. அவள் அண்ணன் அங்கே மீன்பிடி வள்ளம் வைத்திருந்தார். கடல்காற்று நல்லது, அங்கேயே கொண்டுபோய் வைத்துக்கொள் என்று எல்லோரும் சொன்னதால் ஒருமுறை கூட்டிக்கொண்டும் போனாள். அந்தச் சமயம் கடற்கரையில் பெருங்காற்று அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லை, மெஷின் ஓடவில்லை. மீன் ஏற்றுகிற வண்டியில் அவரை உட்காரவைத்துப் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டார்கள். கேட் பக்கத்து வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி கிட்டே. ஊருக்குள் வேறு வீடு பார்த்தால் கதவைத் திறந்ததும் இருமலைக் கேட்டுவிட்டு, வாடகைக்கு இல்லை என்று சொன்னார்கள்.

“எங்க ஊர்ல காத்தப் பத்தி யாரும் நெனைக்கவே மாட்டாவ தம்பி” என்று ஒருநாள் மாத்திரை வாங்க வந்தபோது சொன்னாள். “மீனப் பத்திப் பேசுவாவ, கடலப் பத்திப் பேசுவாவ. காத்து அது பாட்டுக்கு அடிச்சிக்கிட்டு கெடக்கும். இங்கன வந்துதான் காத்துன்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சிது.”

மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கிற நெபுலைசர் மெஷின் கோளாறாகி, வேறு மெஷின் மாட்டிக்கொடுப்பதற்காக ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்குள் போனேன். அவர் குனிந்த தலையை நிமிர்த்தாமலே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வாரும்வே. உக்காரும்.”

அப்போது கேட் மணி அடித்தது. அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். வெளியே வண்டிகள் வந்து நின்று உறும ஆரம்பித்தன. ஜன்னல் ஈரவேட்டி நடுங்கியது. அவர் ஒரு கையைத் தூக்கி, பேசாமல் இரு என்று எனக்குச் சைகை காட்டினார். முதலில் பஸ் அணைந்தது. அப்புறம் ஒரு லாரி. பைக்குகள் ஒவ்வொன்றாக அடங்கின. மெஷினின் உர்ர் சத்தத்துக்கு மேலே, வேட்டிக்கு அந்தப் பக்கம், மனிதக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. யாரோ போனில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார்கள். யாரோ ஒரு குழந்தைக்கு ரயில் வரும் திசையைக் காட்டினார்கள்.

“இதுக்குத்தான்வே காத்துக் கெடப்பேன்” என்றார் அவர். ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. “வண்டிச் சத்தம் நின்னாத்தான் ஊரு பேசுதது கேக்கும். ஒரு புருசன் பொண்டாட்டி… தெனமும் பைக்குல வந்து நின்னு சண்டை போடுதாவ. மாமியாப் பிரச்சினை. நேத்து அந்தப் பிள்ள, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுது. அவன் பதில் சொல்லுததுக்குள்ள… கேட்டத் தொறந்துட்டான் பாவி. என்னாச்சின்னு தெரியாம நேத்துப் பூரா ஒறக்கமில்ல.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்காமல் போனது. வெளியேயிருந்து அக்கா ஓடிவந்தாள். வெளியே எத்தனை வண்டி நின்றாலும் அந்த இருமல் மட்டும் அவள் காதுக்குத் தனியாகக் கேட்டுவிடும்.

அன்றைக்கு நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து சொன்னாள்:

“வீட்டுக்குள்ள இப்பிடி ஒரு ஆளு இருக்காவன்னு கேட்ல நிக்கிறவங்ககிட்ட சொல்லிராதீங்க தம்பி.”

“ஏன்க்கா? சொன்னா எல்லாரும் அணைச்சிருவாங்களே. நானே சொல்லணும்னு நெனைச்சேன்.”

“அணைப்பாவ. பாவம்னு அணைப்பாவ. இந்த வீட்டு முன்னால மட்டும் அணைச்சிட்டு, அடுத்த கேட்ல போயி முறுக்குவாவ.” கல்லின் மேல் நின்று சாக்கடையைப் பார்த்தபடியே பேசினாள். “பொறவு, எங்க வீட்ல உள்ளவியளுக்குன்னு நான் கேக்க ஆரம்பிச்சா, அது பிச்சை கேக்குத மாதிரி ஆயிரும். காத்தப் போயி நான் எதுக்குப் பிச்சை கேக்கணும்?”

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளை ஏசுகிறவர்கள் ஏசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை வாயும் அடைத்துப்போகும். அந்த வார்த்தையை அவள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். அவளோடு பேச யாருமில்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. எதிரே கடை வைத்திருந்த என்னிடம்கூட மருந்தைத் தவிர வேறு பேச்சு அபூர்வம். கேட் அடைத்திருக்கிற நேரத்தில் முகம் தெரியாத நூறு பேரிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள். கேட் திறந்ததும் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒருசமயம் காற்று மாசு பற்றி விழிப்புணர்வுப் பேரணி ஒன்று எங்கள் சாலை வழியாக வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு, அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் ஒரு வேன். வேன்மேல் இரண்டு ஒலிபெருக்கி, பின்னால் ஜெனரேட்டர். சரியாக எங்கள் கேட்டில் வந்ததும் கேட் விழுந்துவிட்டது. “தூய காற்று நமது உரிமை” என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெனரேட்டர் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது.

அக்கா வந்தாள். வேன் டிரைவரிடம் போய், “அணைச்சிருங்க தம்பி” என்றாள். ஜெனரேட்டரையும் கையால் காட்டினாள்.

டிரைவர் திருதிருவென்று விழித்தார். பேரணியைக் கூட்டிவந்த பேராசிரியர் முன்னால் வந்தார். நல்ல மனிதர். விஷயம் புரிந்ததும் முகம் சிவந்து, தானே போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். ஒலிபெருக்கி பாதி வார்த்தையில் நின்றுபோனது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“அம்மா, நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்” என்றார் அவர். மைக் வேலை செய்யாததால் பிள்ளைகளெல்லாம் கிட்டே வந்து வட்டமாக நின்றார்கள். நான் கடையைவிட்டு இறங்கி வந்து நின்றேன். இப்போதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அத்தனை இளசுகள், அத்தனை கண்கள். பத்து அடி தூரத்தில் ஈரவேட்டிக்குப் பின்னால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்கா எல்லோரையும் பார்த்தாள். “கேட் அடைச்சிருந்தா அணைச்சிருங்க” என்றாள். கொஞ்சம் யோசித்து, “வேற என்ன இருக்கு இதுல” என்றாள். பிறகு வட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்துப் போய்விட்டாள்.

பேராசிரியர் சும்மா இருக்கவில்லை. எங்கெங்கோ சொல்லி, எஞ்சினை அணைக்கச் சொல்லி ஒரு பலகை மாட்ட ஏற்பாடு செய்தார். கொஞ்ச நாள் அது வேலை செய்தது. அப்புறம் பலகையின் மேல் பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று போஸ்டர்கள் ஏறின. அக்கா அவற்றைக் கிழிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அவள் வழக்கம்போலப் படியிறங்கி வந்தாள்.

அவர் ஒரு மார்கழியில் இறந்தார். மூடுபனியும் புகையும் சேர்ந்து சாலையின் மேல் கூரை மாதிரி நின்ற நாட்கள். விடிந்ததும் அக்கா கடை முன்னால் வந்து நின்று, “மெஷின நிப்பாட்டிட்டேன் தம்பி” என்றாள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

உவரியிலிருந்து அவள் அண்ணன் வந்தார். பட்டறை ஆட்கள் சில பேர், தூரத்துச் சொந்தம் கொஞ்சம், பிறகு நான். அவ்வளவுதான் கூட்டம். மாதா கோயிலும் கல்லறைத் தோட்டமும் கேட்டுக்கு அந்தப் பக்கம். பெட்டியை வேனில் ஏற்றிக் கிளம்பினோம். அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேன் ஐம்பது அடி போயிருக்காது, கேட் விழுந்துவிட்டது.

வேனுக்கு முன்னாலும் பின்னாலும் வண்டிகள் வந்து நின்றன. எல்லாம் உறுமின. வேன் டிரைவரும் அணைக்கவில்லை. அக்கா பெட்டியின் மேலிருந்த கையை எடுத்தாள். எழுந்து வேனைவிட்டு இறங்கினாள்.

“எங்கட்டி போற?” என்று அண்ணன் பதறினார். “ஏட்டி, வா இங்கன!”

அவள் முதலில் எங்கள் வேன் டிரைவரிடம் போனாள். “அணைச்சிருங்க தம்பி.” அவன் பயந்துபோய் அணைத்தான். அடுத்து முன்னால் நின்ற பஸ். அழுது வீங்கிய முகமும் கலைந்த தலையுமாக அவளைப் பார்த்து, அந்த டிரைவர் ஒன்றும் கேட்காமல் அணைத்தார். தெரிந்த ஒன்றிரண்டு பைக்குக்காரர்கள் அணைத்தார்கள். வேனையும் அவளையும் சேர்த்துப் பார்த்த சில பேருக்கு ஏதோ புரிந்து, அவர்களும் அணைத்தார்கள். பின்னால் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கண்ணாடி ஏற்றி, உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்ற இடத்திலிருந்து எங்கள் வேன் தெரியாது, நடுவில் ஒரு லாரி. அக்கா கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே இருந்தவர் பாதி இறக்கினார்.

“என்ன வேணும்?”

“கேட் தொறக்க நேரமாவும். அணைச்சிருங்க.”

“உள்ள பிள்ள தூங்குதும்மா. ஏசி வேணும். உங்க சோலியப் பாத்துட்டுப் போங்க.”

நான் அவள் பின்னாலேயே போயிருந்தேன். சார், அந்த வேனில் இந்தம்மா வீட்டுக்காரர் பெட்டி இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாயே, இன்றைக்கும் சொல்லாதே என்கிற மாதிரி ஒரு பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அந்த மனிதரிடம் இரண்டாவது தடவை சொன்னாள். மூன்றாவது தடவையும் சொன்னாள். அதே குரல். கண்ணாடி ஏறிவிட்டது. கார் அணையவில்லை.

அவள் திரும்பி நடந்துவந்து வேனில் ஏறி, பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். ரயில் போனது. கேட் திறந்தது. அந்த வெள்ளைக் கார் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிக்கொண்டு போனது. பின் சீட்டில் ஒரு குழந்தை நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாளும் அவள் கேட்டுக்கு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். இனி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க யாருக்கும் விஷயமே தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் கேட்கத் தைரியம் வரவில்லை.

பிறகு மேம்பாலம் வந்தது. வருகிறது வருகிறது என்று பல வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தது, ஒருநாள் மெய்யாகவே மண் தோண்ட ஆரம்பித்தார்கள். கட்டி முடிக்கிறவரை சிமென்ட்டும் தூசியும் கொஞ்சமில்லை. பாலம் திறந்த அன்று வண்டிகளெல்லாம் தலைக்கு மேலே ஏறிப் போய்விட்டன. கீழே கேட் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். எங்கள் சாலை முட்டுச்சந்து ஆனது. கேட் அடைக்கிற நேரத்தை நம்பியிருந்த டீக்கடை போனது, வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் போனார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானும் கடையைப் பாளையங்கோட்டைக்கு, பெரிய ஆஸ்பத்திரி பக்கமாக மாற்றிக்கொண்டேன்.

சாமான்களை ஏற்றிய அன்று அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கதவு திறந்திருந்தது. ஜன்னலில் வேட்டி இல்லை. அதன் இரண்டு கதவும் அகலத் திறந்து கிடந்தன. மேற்கேயிருந்து காற்று தாராளமாக உள்ளே வந்து காலண்டர் தாளைப் படபடவென்று அடித்தது. வயல் வாசமும் ஆற்றின் ஈரமும் அந்தக் காற்றில் இருந்தன. அத்தனை வருஷம் எதிரே கடை வைத்திருந்தும் ஆறு இவ்வளவு கிட்டே இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அக்கா வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து காபி போட்டுக் கொடுத்தாள். “காத்து நல்லா வருதுக்கா” என்றேன்.

“ஆமா. நல்ல காத்து” என்றாள். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். “இம்புட்டுக் காத்தும் ஒத்தையாளுக்கு.”

நான் காபியைக் குடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், அங்கிருந்தே கேட்டாள்:

“புதுக் கடை ஆஸ்பத்திரிக்குப் பக்கமோ தம்பி?”

“பக்கந்தான்க்கா. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினா நம்ம கடைதான்.”

உள்ளே டம்ளரைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

புதுக் கடையில் வியாபாரம் நன்றாகவே நடந்தது. அவளை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, ஆனால் போய்ப் பார்க்கவும் இல்லை. ஒருநாள் காலை, எங்கள் உறவில் ஒருவர் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார் என்று பார்க்கப் போனேன். நெஞ்சுநோய் வார்டு. நீளமான கூடம், இரண்டு வரிசைக் கட்டில்கள். எங்கள் ஆளைப் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பும்போது, கடைசிக் கட்டிலில் ஒரு வயதானவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். செங்கல் சூளைக்காரராக இருக்க வேண்டும், கால் விரல் இடுக்கெல்லாம் செம்மண். துணைக்கு ஆள் இல்லாதவர்களின் கட்டில் பார்த்தால் தெரியும். சுருட்டிவைத்த ஒரு பையைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அவர் மீனைக் கரையில் போட்ட மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு கையையும் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தாள் அக்கா.

பக்கத்துக் கட்டில்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். அந்தம்மா தினமும் காலை பஸ்ஸில் வருவார்களாம். ஆள் இல்லாத கட்டிலாகப் பார்த்து உட்காருவார்களாம். சாயங்காலம் போய்விடுவார்களாம். யாரோடும் அதிகம் பேச மாட்டார்களாம்.

“என் மொகத்தப் பாருங்க” என்று அக்கா பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “அவசரப்படாதீங்க. மூக்கால எடுங்க. ஆங். இப்பம் உதட்டக் குவிச்சி, பைய, பைய விடுங்க. நான் விடுத மாதிரி.” அவள் உதட்டைக் குவித்து நீளமாக மூச்சை விட்டாள். பெரியவர் அதைப் பார்த்துச் செய்ய முயன்றார். முதல் தடவை உடைந்துபோனது. அவள் மறுபடியும் ஆரம்பித்தாள். வீட்டில் அந்தக் கட்டிலுக்கு எதிரேயும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் போலிருக்கிறது. அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பேருடைய தோளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க ஆரம்பித்தன. பெரியவருக்குக் கண்ணில் நீர் கோத்திருந்தது. பேசுகிற அளவுக்கு மூச்சு திரும்பியதும் அவர் கேட்டார்:

“தாயீ… நீ யாரு மக? எனக்கு… நீ என்ன முறை வேணும்?”

“ஒரு முறையும் வேண்டாம்” என்றாள் அக்கா. “பைய விடுங்க.”